அண்ணன் வெட்டிய ஓரம்

சேலம், அஸ்தம்பட்டி
மார்ச் 10, 2024

அன்புள்ள கலா அண்ணிக்கு சிவசக்தி எழுதுவது. இங்கே நானும் திவ்யாவும் அவள் அப்பாவும் சுகம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? மூட்டு வலி குறைந்ததா? கொட்டச்சேட்டில் இன்னும் பனி விழுகிறதா?

அண்ணன் காரியம் முடிந்து வந்ததிலிருந்து எத்தனையோ தடவை போன் அடித்துவிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. மலையில் டவர் இல்லை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். கடிதம் என்றால் எப்படியும் வந்து சேரும் என்று இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்துகிற அலாரம் செய்து விற்கிறேன் அல்லவா, அது நின்றுபோய்க் கிடக்கிறது. காப்பர் போர்டு பெரிய தகடாகத்தான் வரும். நான் அதை மேலே அனுப்பினால் அண்ணன் உள்ளங்கை அளவுக்கு வெட்டி, கட்டாகக் கட்டி, மலைக்கும் கீழுக்கும் ஓட்டுகிற மெல்வின் ஜீப்பில் கொடுத்துவிடும். அதன்மேல் சர்க்யூட் வரைந்து, மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, பார்ட்ஸ் பற்றவைப்பது என் வேலை. வெட்டுகிற வேலை என் கைக்கு வந்ததே இல்லை. இப்போது ஏற்காட்டு லாட்ஜ்காரர்கள் கோடை விழாவுக்கு முன்னால் வேண்டும் என்கிறார்கள். தகரம் வெட்டுகிற கத்திரியை வைத்து வெட்டிப் பார்த்தேன். ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக விரிசல் விட்டு, அப்பளம் மாதிரி உடைகிறது.

இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடை வளைத்து உரசி, கொக்கி மாதிரி ஒன்று தானே செய்து வைத்திருப்பதாக அண்ணன் சொல்லியிருக்கிறது. அது ஊட்டில் இருக்கிறதா அண்ணி? இருந்தால் மெல்வினிடம் கொடுத்துவிடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
சிவசக்தி


கொட்டச்சேடு
மார்ச் 24, 2024

சிவசக்திக்கு கலா எழுதிக்கொண்டது. நான் இருக்கிறேன். நீங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்க சேர்வராயன் சாமியை வேண்டிக்கொள்கிறேன். பனி விட்டுவிட்டது. ஒரு மழை பெய்தது, காப்பி பூத்திருக்கிறது.

டவர் இருக்கிறது. நான்தான் எடுக்கவில்லை. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் குரல் அவர் குரல் மாதிரியே இருக்கிறது. பேச ஆரம்பிக்கும் முன்னால் தொண்டையைச் செருமுவாயே, அதுகூட அப்படியே. காதில் வைத்தால் எனக்கு ஆகிறதில்லை. எழுத்தில் குரல் கிடையாது. அதனால் நீ எழுது, நானும் எழுதுகிறேன். ஐந்தாவது படித்தவள் எழுத்து. தப்பு இருந்தால் சிரிக்காதே.

போர்டு வெட்டுவதைப் பற்றி என்னிடம் கேட்டு என்ன ஆகப் போகிறது? அதெல்லாம் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்கிற பேச்சு. தினமும் சாயங்காலம் விளக்கு வைத்ததும் உன் போன் வரும். "ஏனுங்க, சோறு ஆறுதுங்க" என்பேன். "இரு கலா, சக்தி பேசுறா" என்பார். ரெசிஸ்டர் என்பார், ரிலே என்பார், சிரிப்பார். என்ன சிரிப்பு என்று கேட்டால், "உனக்குச் சொன்னா புரியாது புள்ள" என்பார். புரியாதவளிடம் கேட்கிறாயே கண்ணு.

அந்தக் கொக்கி பிளேடு இல்லை. அவர் கை விடாமல் பிடித்த சாமான் என்று, அடக்கம் செய்யப் போன அங்கப்பன் மாமாவிடம் கொடுத்து, குழியில் அவர் பக்கத்திலேயே வைக்கச் சொல்லிவிட்டேன்.

திவ்யாவைக் கேட்டதாகச் சொல்.

கலா


சேலம்
ஏப்ரல் 7, 2024

அன்புள்ள அண்ணிக்கு, சுகம். உங்கள் சுகத்தைப் பற்றி இரண்டு வரி கூட எழுதியிருக்கலாம்.

பிளேடைப் பற்றிப் படித்ததும் அழுதுவிட்டேன். அப்புறம் மனது ஆறியது. நீங்கள் செய்தது சரிதான். நாம் பொம்பளைகள் இடுகாட்டுக்குப் போவதில்லை, கடைசியாக மண் போடவும் கொடுப்பினை இல்லை. அந்த பிளேடாவது கூடப் போனதே. எனக்குத் தோன்றவில்லை, உங்களுக்குத் தோன்றியிருக்கிறது.

இங்கே என் கதை சிரிப்பாகச் சிரிக்கிறது. ஆக்சா வாங்கிவந்து அறுத்தேன். நேர்கோடு போட்டால் வாய்க்கால் மாதிரி வளைந்து போகிறது. ஒரு போர்டு அறுப்பதற்குள் பிளேடு பல் மழுங்கிவிடுகிறது. சரி என்று திவ்யா அப்பா சுவர் வெட்டுகிற சின்ன மெஷின் ஒன்று இரவல் வாங்கிவந்தார். சர்ரென்று வெட்டுகிறது. ஆனால் தூள் வீடெல்லாம் பறக்கிறது. கையெல்லாம் ஊறல். பக்கத்து வீட்டு லட்சுமி அக்கா மாடியில் வடகம் காயப்போட்டிருந்தது. "ஏன்டி சக்தி, உங்கூட்டுல மாவு மில்லு எப்ப வெச்ச?" என்று சத்தம் போட்டது. திவ்யா இருமிக்கொண்டே இருக்கிறாள்.

பொங்கலுக்கு முன்னால் அண்ணன் அனுப்பிய கடைசிக் கட்டு அப்படியே இருக்கிறது. திவ்யா அப்பா அதை எடுத்து வேலையை முடி என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. நாலு மூலையும் கையைக் கீறாதபடி எவ்வளவு பதமாக மழுக்கியிருக்கிறது தெரியுமா! பூஜை அலமாரியில் அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். காலையில் விளக்கு ஏற்றும்போது ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். அது அண்ணன் கை பட்டது. எனக்கு மிஞ்சியது அதுதான்.

உங்கள் சிவசக்தி


கொட்டச்சேடு
மே 2, 2024

சிவசக்திக்கு. உன் கடிதம் வந்து நாளாயிற்று. எஸ்டேட்டில் மிளகு காயப்போடும் வேலை இருந்தது. அதைவிட, எழுதப் பிடிக்கவில்லை.

முதலில் ஒன்று. அந்த மெஷினை நிறுத்து. அந்தப் போர்டு கண்ணாடி நார். அந்தத் தூள் மூச்சில் போனால் பிள்ளைக்கு ஆகாது. இங்கே மெஷின் வைத்து வெட்டியதில்லை. ஓரம் தேய்க்கும்போதுகூட உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத்தான் தேய்ப்பது. தூள் பறக்காது. திவ்யாவுக்குச் சுடுதண்ணீரில் துளசி போட்டுக் கொடு.

பூஜை அலமாரியில் வைத்தாய் என்று எழுதியிருந்தாய். வைத்துக்கொள். அவர் போன அன்றைக்கு ஊரே வந்தது. ராணி அக்கா வாசலிலேயே, "ஐயோ சக்தி, உன்ற அண்ணன் போயிட்டானே" என்று உன்னைத்தான் ஓடிவந்து கட்டிக்கொண்டது. அத்தாயியும் உன்னைத்தான். நீ மயக்கம் போட்டாய். உனக்குத் தண்ணீர் கொடுக்க நான்தான் டம்ளர் தேடிக்கொண்டிருந்தேன். என் ஊட்டுக்காரர் கிடக்கிறார், நான் அடுப்படியில் டம்ளர் தேடுகிறேன். பிள்ளை குட்டி இல்லாதவளைக் கட்டிக்கொண்டு அழ யாருக்கும் தோன்றவில்லை போல.

சண்டைக்கு எழுதவில்லை. மனதில் கிடந்தது, வந்துவிட்டது.

கலா


சேலம்
மே 19, 2024

அன்புள்ள அண்ணிக்கு, திவ்யாவுக்கு இருமல் விட்டது. நீங்கள் சொன்ன துளசித் தண்ணீர்தான். உங்களுக்குக் கை கால் சுகம்தானே?

டம்ளர் விஷயம் எனக்குத் தெரியாது அண்ணி. நான் அப்போது நினைவோடு இல்லை.

ஒரு நல்ல சேதி. எதிர்வீட்டில் சமையல்கட்டு அலமாரிக்கு மைக்கா ஒட்ட ஆசாரி வந்திருந்தார். மைக்காவை எப்படி வெட்டுகிறார் என்று போய்ப் பார்த்தேன். கொக்கி மூக்கு மாதிரி ஒரு கட்டர். இரும்பு ஸ்கேலை வைத்து நாலு இழு இழுத்து, பள்ளம் விழுந்ததும் மடக்கினால் பட்டென்று உடைகிறது. "அண்ணா, அதை ஒரு நிமிசம் குடுங்க" என்று வாங்கி என் போர்டில் கீறிப் பார்த்தேன். முன்னாலும் பின்னாலும் ஒரே கோட்டில் கீறி, மேஜை விளிம்பில் வைத்து அமுக்கினேன். வந்துவிட்டது! அண்ணன் ஓரம் அளவுக்கு இல்லை. ஆனால் வேலைக்குப் போதும். அன்றைக்கே கடைக்குப் போய் நானும் ஒன்று வாங்கிவிட்டேன். லாட்ஜ் வேலையெல்லாம் முடித்துக் கொடுத்தாயிற்று.

அதனால் இனி வெட்டுகிறதைப் பற்றிக் கேட்டு உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

உங்கள் சிவசக்தி


கொட்டச்சேடு
ஜூன் 9, 2024

சிவசக்திக்கு. கட்டர் கிடைத்தது நல்லது.

இங்கே சாமி திருவிழா முடிந்தது. துக்கம் இருக்கிற ஊடு என்று நான் கோயில் பக்கம் போகவில்லை. மேளச் சத்தம் மட்டும் வந்தது. மெல்வின் ஜீப் போகும்போது பழக்கத்தில் வாசலில் நிறுத்துகிறான். "அக்கா, கீழ ஏதாச்சும் குடுக்கணுங்களா?" என்று கேட்கிறான். ஒன்றும் இல்லை போ என்கிறேன்.

இனி எழுத ஒன்றும் இல்லை. சுகமாக இருங்கள்.

கலா


சேலம்
ஜூலை 14, 2024

அண்ணிக்கு. எல்லோரும் சுகம். இந்தத் தடவை நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அங்கப்பன் மாமா கண் ஆபரேஷனுக்காக இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். இட்லி எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். பேசிக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"மாமா, அண்ணன்கூட அந்த பிளேட எந்தப் பக்கமுங்க வெச்சீங்க?"

"எந்த பிளேடு சாமி?"

"அண்ணி உங்க கையில குடுத்துவிட்டாங்களே."

"நல்லாக் கேட்ட போ. வெத்தலையும் பீடிக்கட்டும் வெச்சேன், அவ்வளவுதான். குழியில எவனாச்சும் இரும்ப வெப்பானா? பேய ஓட்டத்தான் இரும்பு. உங்கண்ணன என்ன பேயின்னு நெனச்சியா?"

கண்ணில் கட்டோடு அவர் சிரிக்கிறார். நான் இட்லி டப்பாவைத் திறந்தபடியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

குழிக்குப் போகாத பொம்பளைகளுக்கு இரும்பு வைக்கக்கூடாது என்று தெரியாது. எனக்கும் தெரியாது, நம்பினேன். உங்களுக்கும் தெரியாது, அதனால் அப்படி ஒரு பொய் சொன்னீர்கள். அதை நினைத்து நான் மனதைத் தேற்றிக்கொண்டேன் அண்ணி. ராத்திரியெல்லாம் அண்ணன் கை அந்த பிளேடு மேல் இருக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

இப்போது வேலைக்காகக் கேட்கவில்லை. என்னிடம் கட்டர் இருக்கிறது. அண்ணன் சாமான் என்பதற்காகக் கேட்கிறேன். எங்கள் அப்பா செத்த பிறகு எனக்கு ஸ்குரூ டிரைவர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது என் அண்ணன். அந்த பிளேடு உங்களுக்கு எதற்கு? வெங்காயம் நறுக்கவா?

சிவசக்தி


கொட்டச்சேடு
ஜூலை 21, 2024

சிவசக்திக்கு. நான் சுகம். நீங்களும் அப்படியே இருங்கள்.

மெல்வின் கையில் ஒரு கட்டு கொடுத்துவிட்டிருக்கிறேன். ஊட்டில் மீதி கிடந்த தகட்டில் போன வாரம் வெட்டியது. பிளேடு எனக்கு எதற்கு என்று கேட்டாயே, பிரித்துப் பார்.

வெங்காயத்துக்கு வேறு கத்தி இருக்கிறது.

கலா


சேலம்
செப்டம்பர் 8, 2024

அண்ணிக்கு. பதில் எழுத இத்தனை நாளாயிற்று. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

கட்டைப் பிரித்தபோது முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னும் ஒரு கட்டு அண்ணன் வெட்டியதை ஒளித்து வைத்திருந்தீர்கள் என்று நினைத்தேன். அப்புறம் உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். போன வாரம் வெட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள். பூஜை அலமாரியில் இருந்த கட்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். கலந்துவிட்டால் எது எது என்று எனக்கே பிரிக்கத் தெரியாது. அதே ஓரம். அதே மாதிரி மழுக்கிய மூலை.

இத்தனை நாள் நான் கண்ணில் ஒற்றிக்கொண்டது உங்கள் வேலையா?

அண்ணன் ஏன் வெட்டவில்லை? எத்தனை நாளாக வெட்டவில்லை? தினமும் என்னிடம் பேசும்போது கர் கர் என்று கீறுகிற சத்தம் கேட்கும். "கை வேலையா இருக்கறேன் சக்தி, நீ பேசு" என்று அண்ணன் சொல்லும். அது யார் கை?

எனக்கு உண்மை வேண்டும். சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

சிவசக்தி


கொட்டச்சேடு
செப்டம்பர் 22, 2024

சிவசக்திக்கு. சுகம் விசாரிக்க இந்தத் தடவை மனம் இல்லை, கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

என் கை. கடைசி இரண்டு வருடமும் என் கைதான்.

சர்க்கரையில் அவருக்கு விரல் மரத்துப்போனது. முதலில் நுனி, அப்புறம் உள்ளங்கை வரைக்கும். ஒருநாள் போர்டு மூலை கிழித்து ரத்தம் சொட்டுகிறது, அவருக்குத் தெரியவில்லை. பேசிக்கொண்டே இருக்கிறார். நான்தான் பார்த்தேன். அன்றையிலிருந்துதான் மூலையை மழுக்க ஆரம்பித்தேன். பதமாக இருக்கிறது என்று எழுதினாயே, அது பதத்துக்காகச் செய்தது இல்லை.

"கலா, இனி நீ வெட்டு" என்றார். "சக்திகிட்ட மட்டும் வாயத் தொறந்துராத. தெரிஞ்சா வந்து கீழ கூட்டிட்டுப் போயி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா இழுத்துட்டு, அவ ஊட்டுலயே உக்கார வெச்சுருவா."

"நான் எதுக்குங்க சொல்றேன்" என்றேன்.

ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். பார்க்கவே இல்லை என்று நினைக்காதே. ஆனால் நீ அறிந்திருந்தால் அதோடு விட்டிருக்க மாட்டாய், அது எனக்கும் தெரியும். பெரிய டாக்டரிடம் காட்டியிருப்பாய். நெஞ்சு வலி வரும் முன்னாலேயே யாராவது கண்டுபிடித்திருப்பார்களோ என்னவோ. அதை நீ இப்போது நினைப்பாய். நான் தை மாதத்திலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் வேண்டாம் என்றதால் மட்டும் நான் பேசாமல் இருக்கவில்லை. எனக்கும் அது நொம்பப் பிடித்திருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து எல்லாமே உனக்குத்தான் முதலில் தெரியும். பம்புக் கொட்டகைக்கு மோட்டார் வாங்கினால் உனக்கு. பல் வலி வந்தால் உனக்கு. இந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியும். அவர் உன்னிடம் பேசிக்கொண்டிருப்பார். நான் கீழே உட்கார்ந்து ஸ்கேலை மிதித்துப் பிடித்துக்கொண்டு கீறுவேன். நடுவில் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைப்பார். நான் தலையாட்டுவேன். அந்த நேரத்தில் உன்னைவிட நான் பெரியவள்.

அவரைக் கீழே அனுப்பிவிட்டு இந்த ஊட்டில் தனியாக நான் என்ன செய்வேன் என்றும் இருந்தது.

திட்டுவதென்றால் திட்டு.

கலா


சேலம்
அக்டோபர் 27, 2024

அண்ணிக்கு. திட்டி எழுதினேன். நிறையத் தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். வருகிற தீபாவளிக்குப் பலகாரம் சுடப்போவதில்லை, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. என் அண்ணன் நிலைமை எனக்குத் தெரியாமல் செய்தீர்கள். எழுதிவிட்டேன்.

ஆனால் உங்கள் மேல் கோபத்தைவிட வேறு ஒன்று பெரிதாக இருக்கிறது. அண்ணன் என்னிடம் பேசிக்கொண்டே உங்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தது என்று எழுதினீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. நான் போனின் இந்தப் பக்கம் இருந்திருக்கிறேன். வெறும் பேச்சு மட்டும் எனக்கு. அண்ணனுக்கு எல்லாமே நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு உங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது அண்ணி. அண்ணன் போன அன்றைக்குக்கூட இப்படி அழவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அலமாரியில் இருக்கிற கடைசிக் கட்டில் ஒரு போர்டாவது அண்ணன் வெட்டியதா? ஒன்று இருந்தாலும் போதும். எது என்று நீங்கள் காட்ட வேண்டாம். இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

சிவசக்தி


கொட்டச்சேடு
நவம்பர் 17, 2024

அன்புள்ள சிவசக்திக்கு உன் அண்ணி கலா எழுதுவது. இங்கே விடாத மழை. மூட்டு வலிதான், வேறு ஒன்றும் இல்லை. திவ்யா, மாப்பிள்ளை எல்லோரும் சுகம்தானே? தீபாவளிக்கு நானும் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை.

உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு காப்பி பறிக்கப் போனேன். பொறாமை என்ற வார்த்தையைப் பல தடவை எடுத்துப் பார்த்தேன். இந்த வார்த்தையை நீ ஒருநாள் என்னிடம் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ வருடம் ஆசைப்பட்டிருக்கிறேன். வந்தபோது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. பக்கத்து வரிசையில் மலர், "ஏனுங்கக்கா, பழத்த உட்டுப்போட்டுக் காயப் பறிக்கறீங்க?" என்று சத்தம் போட்டாள்.

இருக்கிறது என்று எழுதச் சொல்கிறாய். எழுதிவிட்டால் உனக்கும் ஆறுதல், எனக்கும் வேலை முடிந்தது. ஆனால் உன்னிடம் இன்னொரு பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கட்டில் அவர் வெட்டியது ஒன்றும் இல்லை.

ஒன்று வெட்டினார். அந்தக் கட்டு வெட்டும்போது திடீரென்று பிடிவாதம். "குடு புள்ள, ஒண்ணாச்சும் நான் வெட்றேன். இத்தன வருசம் வெட்டுன கை, மறந்தா போயிரும்?" என்று பிளேடைப் பிடுங்கிக்கொண்டார். முன்பக்கம் கீறினார். பின்பக்கம் கீறும்போது கோடு விலகிவிட்டது, அவர் விரலுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, சொல்லவில்லை. மேஜை விளிம்பில் வைத்து அமுக்கினார். கோணலாக உடைந்து ஒரு மூலை தனியாகத் தெறித்து அடுப்புப் பக்கம் போய் விழுந்தது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிச் சிரித்தார். "இத அனுப்பிராத. சக்தி பாத்தா, அண்ணனுக்குக் கண்ணு போயிருச்சான்னு கேப்பா" என்றார். நான் அதை எடுத்து வைத்துவிட்டு, அதற்குப் பதில் நான் ஒன்று வெட்டிக் கட்டில் சேர்த்தேன்.

அது என்னிடம் இருக்கிறது. மூலையையும் தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.

பிளேடை நீ எடுத்துக்கொள். மெல்வின் கையில் கொடுத்துவிட எனக்கு மனம் இல்லை, நீயே வந்து வாங்கிக்கொண்டு போ. நானும் உன் மாதிரி ஒரு கட்டர் வாங்கி வெட்டப் பழகிக்கொள்கிறேன். தகடு அனுப்பினால் வெட்டித் தருகிறேன், அனுப்பாவிட்டாலும் சரி.

அந்தக் கோணல் போர்டை மட்டும் கேட்காதே. தரமாட்டேன். நீ அழுதாலும் தரமாட்டேன், உன்னை எனக்குத் தெரியும், அழுவாய். ஆனால் ஊட்டுக்கு வந்தால் பார்க்கலாம். கையில் வாங்கி வேண்டிய மட்டும் வைத்துக்கொண்டு உட்காரலாம். நான் பிடுங்க மாட்டேன். கிளம்பும்போது என் கையில் கொடுத்துவிட்டுப் போ.

மழையில் மலைப்பாதை வழுக்கும். பகல் பஸ்ஸில் வா.

உன் அண்ணி
கலா